வாசகர் கேள்வி – பதில்: தானிய மணிக்குள் சேமிக்கப்படும் புரதங்கள்

கேள்வி: இரண்டு கோதுமை ரகங்களின் மாவிலும் புரதம் 12 சதவீதம் என்றே ஆய்வக அறிக்கை தெரிவிக்கிறது. ஆனால் பிசைந்தபின் ஒன்று நன்றாக இழுபடுகிறது, மற்றொன்று அறுந்துவிடுகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

பதில்: அறிக்கையில் உள்ள சதவீதம், மாவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 5.7 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிப் பெறப்படுவது. எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதை அது சொல்லும். எந்தப் புரதம் என்பதைச் சொல்லாது. அளவைப் பெரும்பாலும் மண்ணில் கிடைக்கும் நைட்ரஜனும் மணி முற்றும் காலத்து வானிலையும் தீர்மானிக்கின்றன. வகையைத் தீர்மானிப்பவை மரபணுக்கள்.

கோதுமை மணியின் கருவூணில், அதாவது முளைக்கருவுக்கு உணவாக மணிக்குள் இருக்கும் சேமிப்புத் திசுவில், சேரும் புரதங்களில் கிளையடின், குளூட்டெனின் ஆகிய இரண்டு குடும்பங்களே முதன்மையானவை. கிளையடின்கள் தனித்தனி மூலக்கூறுகளாக இருந்து மாவுக்கு நெகிழ்வைத் தருகின்றன. குளூட்டெனின்களோ கந்தகப் பிணைப்புகளால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மிக நீண்ட வலையாகி, இழுத்தால் மீளும் தன்மையைத் தருகின்றன. இந்த வலைக்கு முதுகெலும்பாக நிற்பவை அதிக மூலக்கூறு எடை கொண்ட குளூட்டெனின் துணை அலகுகள். மொத்தச் சேமிப்புப் புரதத்தில் இவற்றின் பங்கு பத்தில் ஒன்றைத் தாண்டுவது அரிது; ஆயினும் மாவின் வலிமையில் இவற்றுக்குள்ள செல்வாக்கு அந்தப் பங்கைவிடப் பன்மடங்கு பெரிது.

ரொட்டிக் கோதுமையில் 1A, 1B, 1D என்னும் மூன்று குரோமோசோம்களின் நீண்ட கைகளில், ஒவ்வோர் இடத்திலும் இந்தத் துணை அலகுகளுக்கான இரண்டு மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மொத்தம் ஆறு இருந்தாலும் சில செயலிழந்து கிடப்பதால், ஒரு ரகத்தில் மூன்று முதல் ஐந்து துணை அலகுகளே உருவாகின்றன. மிக நெருங்கி அமைந்த மரபணுக்கள் என்பதால் அந்த இணை பெரும்பாலும் பிரியாமலே சந்ததிக்குச் செல்கிறது. துணை அலகுகளை எண்களால் குறிப்பது வழக்கம்; 1D குரோமோசோமில் ‘5+10’ என்னும் இணை இருந்தால் மாவு பொதுவாக வலுவாகவும், ‘2+12’ இருந்தால் பொதுவாக வலுக்குறைந்தும் இருப்பது 1980களிலேயே தெளிவாகிவிட்டது. ஐந்தாம் எண் துணை அலகில் கூடுதலாக உள்ள, கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்னும் ஓர் அமினோ அமிலம், பிணைப்புக்கு இன்னோர் இடம் தருவது இதற்கான விளக்கங்களுள் ஒன்று. உங்கள் இரு ரகங்களும் இந்த இடத்தில் வேறுபடுகின்றனவா என்று முதலில் பார்ப்பதே முறை. இதற்கு ஒரு மணியில் பாதி போதும்: முளைக்கரு இல்லாத பாதியை அரைத்து புரதங்களை மின்புலத்தால் அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் எலக்ட்ரோஃபோரெசிஸ் முறையில் சோதிக்கலாம், மறுபாதியை விதைத்துவிடலாம். பயிர்ப் பெருக்க ஆய்வாளர்களுக்கு இதைவிட வசதியான குணம் வேறு அதிகம் கிடைத்ததில்லை.

கேள்வி: லைசின் மிகுந்த மக்காச்சோளம் 1964ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டதாகப் படித்தேன். அது ஏன் உடனே பரவவில்லை?

பதில்: லைசின் என்பது நம் உடல் தானே உருவாக்க இயலாத, உணவிலிருந்தே பெற வேண்டிய ஓர் அமினோ அமிலம். மக்காச்சோளத்தின் முதன்மைச் சேமிப்புப் புரதமான சீயினில் அது அநேகமாக இல்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் எட்வின் மெர்ட்ஸ், ஆலிவர் நெல்சன் குழுவினர் ஆராய்ந்த ‘ஒப்பேக்-2’ என்னும் திடீர்மாற்றம், சீயின் மரபணுக்களை இயக்கிவிடும் கட்டுப்பாட்டுப் புரதத்தையே முடக்குகிறது. சீயின் குறைய, அவ்விடத்தை லைசின் உள்ள பிற புரதங்கள் நிரப்புகின்றன. லைசின் ஏறத்தாழ இருமடங்காகிறது. ஆனால் அதே காரணத்தால் மணி சுண்ணாம்புபோல் மென்மையாகி, விளைச்சல் குறைந்து, சேமிப்பில் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இலக்கானது.

அதோடு, இக்குணம் ஒடுங்கு தன்மையுடையது. பக்கத்து வயலின் சாதாரண மக்காச்சோளத்திலிருந்து மகரந்தம் வந்து விழுந்தால், கருவூணுக்குத் தாய்வழி இரு பிரதிகள் கிடைத்திருந்தும், தந்தைவழி வந்த ஒரே ஓர் ஓங்கு பிரதியால் அந்தப் பருவத்து மணியே சாதாரண மணியாகிவிடும். மணியைக் கடினமாக்கும் துணை மரபணுக்களைப் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்துச் சேர்த்த பின்னரே பயன்படத்தக்க ரகங்கள் கிடைத்தன. மெக்சிகோவிலுள்ள பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையத்தில் அப்பணியைச் செய்த சுரிந்தர் வாசலுக்கும் எவாஞ்செலினா வில்லேகாஸுக்கும் 2000ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

கேள்வி: சிறுநீரக நோயாளிகளுக்கென ஜப்பானில் உருவான அரிசியில் புரதம் உண்மையிலேயே குறைவா?

பதில்: மொத்தப் புரதம் பெரிதாகக் குறையவில்லை, செரிக்கும் புரதமே குறைந்துள்ளது. மற்றப் பெரும்பாலான தானியங்களைப்போல் அன்றி, நெல்லில் முதன்மையானது எளிதில் செரிக்கும் குளூட்டெலின். அந்த ரகத்தில் இரண்டு குளூட்டெலின் மரபணுக்களுக்கு இடையிலிருந்த ஒரு துண்டு நீங்கியதால் இரட்டை இழை ஆர்என்ஏ உருவாகி, அதே குடும்பத்துப் பிற மரபணுக்களையும் அடக்கிவிடுகிறது. இதனால்தான் இக்குணம் ஓங்கு தன்மையுடன் கடத்தப்படுகிறது. குறைந்த குளூட்டெலினுக்கு ஈடாகச் செரிமானத்துக்கு எளிதில் இணங்காத புரோலமின் கூடுகிறது. எளிதில் செரிக்கும் மற்றொரு புரதமான குளோபுலினும் ஓரளவு கூடுவதால், குளோபுலின் அற்ற மற்றொரு திடீர்மாற்றத்தைப் பின்னர் இதனுடன் சேர்த்தும் ரகங்கள் உருவாக்கப்பட்டன.