சேர்ந்து வளர்ந்த பூனைகள் திடீரென்று மோதிக்கொண்டால்

கேள்வி: நான்கு வயதான இரண்டு பெண் பூனைகள், குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை. போன வாரம் ஜன்னலுக்கு வெளியே ஒரு வேற்றுப் பூனை வந்து நின்றது. அன்றிலிருந்து ஒன்று மற்றதைக் கண்டாலே பாய்ந்து கடிக்கிறது. 'ஒன்றை என்னிடம் கொடுங்கள், நல்ல வீடு பார்த்துத் தருகிறேன்' என்கிறார் ஒருவர். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் பூனைக்குக் கூட இருப்பதன் மேல் வெறுப்பு வந்துவிடவில்லை. வெளியே நின்ற பூனையைத் தாக்க முடியாத ஆத்திரம் பக்கத்தில் இருந்ததன் மேல் பாய்ந்திருக்கிறது. அடி வாங்கியது இப்போது பயந்து ஒடுங்குகிறது. அந்தப் பயத்தைப் பார்த்து இது மறுபடி பாய்கிறது. வெளிப்பூனை போய்விட்டாலும் சண்டை தொடர்வது இதனால்தான்.

இன்றே இரண்டையும் தனித்தனி அறையில் விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தண்ணீர், சாப்பாடு, லிட்டர் பாக்ஸ் (மலம், சிறுநீர் கழிக்கும் மணல் தட்டு) வேண்டும். அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துவிடுங்கள். 'அடித்துக்கொண்டு தாங்களே சமாதானம் ஆகட்டும்' என்று மட்டும் விடாதீர்கள், பூனைகள் அப்படிச் சமாதானம் ஆவதில்லை. சண்டையின் நடுவே கை வைக்கவும் கூடாது, ஒரு அட்டையையோ தலையணையையோ குறுக்கே நுழையுங்கள். உங்களுக்குக் கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றே டாக்டரைப் பாருங்கள்.

நான் சொல்லும் காரணம் பொருந்தாத ஒரு நிலை உண்டு: வலி அல்லது நோய். பல் நோய், மூட்டு வலி, சிறுநீர்ப்பை அழற்சி, வயதான பூனை என்றால் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது, இவற்றில் எது இருந்தாலும் சாதுவான பூனை கடிக்கும். பூனை வலியை மறைக்கும், நொண்டினால்தான் வலி என்றில்லை. தாவுவதைக் குறைத்ததா, சாப்பாட்டை ஒரு பக்கமாக மெல்லுகிறதா, லிட்டர் பாக்ஸில் அடிக்கடி போய் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போகிறதா என்று கவனியுங்கள். ஆண் பூனை சிறுநீர் போக முடியாமல் முக்கினால் அது அவசர நிலை, காலை வரை காத்திருக்கக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் அடித்த பூனையையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். காயத்துக்கு மருந்து போட்டு அனுப்புவதோடு பல இடங்களில் வேலை முடிந்துவிடுகிறது, 'ஏன் அடித்தது' என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. பிராணியின் நடத்தையை இன்னும் மருத்துவமாகவே எண்ணாத இந்தப் போக்கு எனக்குச் சகிக்கவில்லை.

அப்புறம், இந்த 'நல்ல வீடு' தரகர்கள். முகவரி சொல்ல மாட்டார்கள், நேரில் பார்க்க விடமாட்டார்கள். பூனை விற்கப்பட்டதா, தெருவில் விடப்பட்டதா என்பது உங்களுக்குத் தெரியவே போவதில்லை. 'ஒரே நாளில் சாந்தம்' என்று சொட்டு மருந்து விற்பவர்களும் இதே ரகம். மனிதர்களுக்கான மாத்திரையை வீட்டிலேயே உடைத்துக் கொடுக்காதீர்கள், ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கலாம்.

சில நாட்கள் அமைதியாகக் கழிந்தபின், ஒன்று படுத்த துணியை மற்றதன் அறையில் போடுங்கள். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். சீறாமல் சாப்பிட்டால் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவருகே நகர்த்தலாம், பிறகு கதவை விரற்கடை திறக்கலாம். சீறினால் முந்தைய படிக்கே திரும்புங்கள். சில வாரங்கள் ஆகும், சிலவற்றுக்கு மாதங்களும் ஆகும்.