எட்டு முறை ஓடிய ஒரே மாலை

அன்புள்ள ஐயா,

இங்கே பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். தோ பாயோ பேருந்து முனையத்தில் மாலை நேர வரிசை எப்படி நீள்கிறது என்று பைத்தானில் சிமுலேஷன் செய்கிறேன். தொடக்கத்தில் நம்பை என்ற பைத்தான் கணிதத் தொகுப்பின் பொது ஜெனரேட்டருக்கு, அதாவது தற்செயல் எண்களை உருவாக்கும் கருவிக்கு, அந்த எண் வரிசை எங்கே தொடங்கும் என்று தீர்மானிக்கும் விதை எண்ணாக 42 கொடுத்துவிட்டு, லினக்ஸ் கணினியில் ஒரே நேரத்தில் ஓடும் எட்டு பிராசஸாகப் பிரித்து ஓட்டினேன். எட்டும் தசமம் பிசகாமல் ஒரே காத்திருப்பு நேரத்தைத் தருகின்றன. முடிவு உறுதியானது என்று எழுதலாமா? ஜெனரேட்டரை மாற்ற வேண்டுமா?

ர., பொங்கோல்

அன்புள்ள ர.,

எழுதிவிடாதீர்கள். லினக்ஸில் ஓடும் பிராசஸை அப்படியே நகலெடுக்கும் ஃபோர்க் முறையில் புது பிராசஸ் பிறக்கும்போது, பொது ஜெனரேட்டரின் அப்போதைய நிலையும் நினைவகத்தோடு நகலாகிவிடும். எட்டும் ஒரே எண் வரிசையைத்தான் படித்திருக்கின்றன. நீங்கள் பார்த்தது ஒரே மாலையை, எட்டு முறை.

ஒவ்வொரு பிராசஸுக்கும் 42, 43, 44 என்று அடுத்தடுத்த விதை கொடுப்பவர்கள் உண்டு. அதிலும் சிக்கல் இருக்கிறது. இன்று 42 முதல் 49 வரை, நாளை 43 முதல் 50 வரை ஓட்டினால், ஏழு ஓட்டங்கள் பழையவையே. 2019இல் வந்த நம்பை 1.17இல் இதற்கென்றே 'சீட்சீக்வென்ஸ்' என்ற விதை தயாரிக்கும் வசதி இருக்கிறது. ஒரே மூல விதையைக் கொடுத்து 'ஸ்பான்' செய்தால், தனித்தனி விதைகள் கிளைக்கும்.

அந்தக் கிளைகளைப் பிராசஸுக்குக் கட்டாமல், சிமுலேஷனில் வரும் ஒவ்வொரு மாலைக்கும் ஒன்றாகக் கட்டுங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. பிராசஸுக்குக் கட்டினால், உங்கள் மேற்பார்வையாளர் நான்கு கோர் மடிக்கணினியில் ஓட்டும்போது வேலைப் பங்கீடு மாறி, எண்களும் மாறிவிடும். மாலைக்குக் கட்டினால் எத்தனை கோர் இருந்தாலும் 17ஆம் மாலை அதே 17ஆம் மாலைதான்.

ஜெனரேட்டரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1998இல் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டரும் சரி, நம்பையில் இப்போது இயல்பாக வரும் பிசிஜி64உம் சரி, உங்கள் வரிசைக்குத் தாராளம். 1960களில் வந்த ராண்டு என்ற ஜெனரேட்டரின் காலம் வேறு. அதன் எண்களை மும்மூன்றாக எடுத்து முப்பரிமாண வெளியில் புள்ளி வைத்தால், எங்கும் பரவாமல் எல்லாம் 15 தளங்களுக்குள் அடங்கிவிடும். அதை நம்பி எத்தனையோ கணக்குகள் போடப்பட்டன என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அப்புறம், அறிக்கையில் மூல விதையோடு ஜெனரேட்டரின் பெயரையும் நம்பையின் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். புதிய ஜெனரேட்டர்களின் எண் வரிசை பதிப்புக்குப் பதிப்பு மாறாது என்று நம்பை உறுதி தருவதில்லை. கடைசியாக மூல விதையை மாற்றி முழுவதையும் இன்னொரு முறை ஓட்டுங்கள். காத்திருப்பு நேரம் பிழை வரம்புக்கு வெளியே வெகுதூரம் போனால் மாலைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பிடித்த விடை வரும் விதையைத் தேடிப் போகாதீர்கள்.