மூன்று மூட்டை யூரியா எங்கே போனது?

கேள்வி: ஐயா, தேவகோட்டை பக்கம் ஒரு ஏக்கர், கண்மாய்ப் பாசனம். ஆடுதுறை 45 நேரடி விதைப்பு, முளைத்து 42 நாள். நடுவில் மழையில்லாமல் வயல் வெடித்தது. பிறகு பெய்த மழையில் முழங்கால் தண்ணீர். போன வாரம் அந்தத் தண்ணீரிலேயே மூன்றாவது மூட்டை யூரியாவை வீசினேன். பயிர் இன்னும் மஞ்சளாக இருக்கிறது, பக்கத்து வயல் கரும்பச்சை. உரக்கடையில் இன்னொரு மூட்டையும், ஜிங்க் சல்பேட்டும், நானோ யூரியா இரண்டு பாட்டிலும் போடச் சொல்கிறார்கள். போடலாமா? போன வருஷமும் மூன்று மூட்டை போட்டு 24 மூட்டை நெல்தான் கண்டது.

பதில்: நாலாவது மூட்டை வேண்டாம். ஜிங்க்கும் வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் அடியிலைதான் நுனியிலிருந்து மஞ்சளடிக்கிறது, குருத்து பச்சையாக இருக்கிறது. துரு நிறப் புள்ளியும் இல்லை. இது தழைச்சத்துப் (நைட்ரஜன்) பசிதான். மூன்று மூட்டை தின்ற பயிருக்கு ஏன் பசி என்றல்லவா நீங்கள் கேட்டிருக்க வேண்டும்?

45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. மூன்றுக்கு 62. உங்கள் 24 மூட்டை நெல்லும் அதன் வைக்கோலும் சேர்ந்து எடுத்தது சுமார் 25 கிலோ இருக்கும், அதிலும் ஒரு பங்கு மண்ணே கொடுத்தது. மீதி? வயல் வெடித்தபோது மண்ணுக்குள் காற்று புகுந்து யூரியா நைட்ரேட்டாக, அதாவது தண்ணீரில் எளிதில் கரைந்தோடும் தழைச்சத்தாக மாறியது. தண்ணீர் கட்டியதும் காற்றில்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டைச் சிதைத்து வானத்துக்கு அனுப்பிவிட்டன. காய்ச்சலும் வெள்ளமும் மாறி மாறி வரும் நம் கண்மாய் வயலில் இது வருஷா வருஷம் நடக்கிறது. தண்ணீரில் வீசிய மூட்டையில் பாதி அம்மோனியா வாயுவாகப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே என்பீர்கள். அந்தப் பூச்சு நைட்ரேட்டாவதைத்தான் தாமதப்படுத்தும், ஆவியாவதைத் தடுக்காது. ஆமாம், உங்கள் வயலின் வடிகால் எந்தப் பக்கம்? பக்கத்து வயல் பச்சைக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

நானோ பாட்டில் விஷயம். அரை லிட்டர் பாட்டில். முதலில் வந்த 4 சதவீதச் சரக்கானால் உள்ளே 20 கிராம் தழைச்சத்து, பிறகு வந்த 20 சதவீதச் சரக்கானாலும் 100 கிராம்தான். இலை அதைச் சிந்தாமல் குடித்தாலும் கிராம் கிராம்தான். 20 கிலோ மூட்டைக்கு அது ஈடு என்று சொல்பவர் ஒரு முறை தராசில் வைத்துப் பார்க்கட்டும். உரக்கடைக்காரரைக் கேட்டு உரம் போடுவது, பந்தியில் பரிமாறுபவரைக் கேட்டுப் பசியை முடிவு செய்வது மாதிரி.

என்னைக் கேட்டால் அந்தக் காசை ஆட்டு மந்தை வைத்திருக்கும் கீதாரியிடம் கொடுங்கள். செம்புராங்கல் சரளை கலந்த நம் செம்மண்ணில் மக்கு, அதாவது மக்கிய இலைதழையும் சாணமும், கிடையாது. மக்கில்லாத மண் உரத்தைப் பிடித்து வைக்காது. இரவில் ஆடுகளை வயலில் அடைத்து வைக்கும் ஆட்டுக்கிடை சாணத்தையும் தரும், மூத்திரத்தையும் தரும். ஆனால் கிடை போடுகிறவர்களில் பாதிப்பேர் மூத்திரத்தை வீணடிக்கிறார்கள். விடியற்காலையில் கிடை எழுந்த இடத்தில் நின்றால் கண் எரிகிறதே, அது மூத்திரத்திலிருந்து ஆவியாகும் அம்மோனியா, அந்த எரிச்சல் உங்கள் காசு. பட்டியைப் பிரித்த அன்றே உழுதுவிடுங்கள். நாலு நாள் விட்டால் மிஞ்சுவது புழுக்கைதான். சித்திரையில் போட்டுவிட்டு வயலை வெறுமனே விடவும் கூடாது, அது நைட்ரேட்டாகி முதல் பெருமழையோடு போகும். கோடை மழை ஈரத்தில் பசுந்தாள் உரச்செடியான கொழிஞ்சி விதையுங்கள். கிடைச் சத்தை அது பிடித்து வைக்கும், காற்றிலிருந்தும் கொஞ்சம் சேர்க்கும். விதைப்புக்கு முன் மடக்கி உழுதால் போதும். அடுத்த வருஷம் ஒன்றரை மூட்டை யூரியாவோடு நிறுத்திப் பாருங்கள்.

சரி, இந்தப் பயிருக்கு. தண்ணீரை வடித்துச் சேறு தெரிய விடுங்கள். களையைப் பறியுங்கள், இல்லாவிட்டால் உரம் கோரைக்குத்தான். அரை மூட்டை யூரியாவோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்குத் தூளைக் கலந்து ஓர் இரவு வைத்து, கதிர் உருவாகும் நேரத்தில், அதாவது இன்னும் நாலைந்து நாளில், சாயங்காலம் சேற்றில் வீசுங்கள். மறுநாள் மெல்லத் தண்ணீர் கட்டுங்கள். வானம் இருட்டிக்கொண்டு நிற்கும் நாளாக இருந்தால் மட்டும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.