தரகர் தருவது 60, கடையில் 150: கோல்ட்பிஷ்ஷை யாரிடம் விற்பது?

கேள்வி: லயத்துக்குப் பின்னால் மூன்று சீமெந்துத் தொட்டிகளில் கோல்ட்பிஷ் வளர்க்கிறேன். கடைசியாக விட்ட 400 குஞ்சுகளில் 250 தேறின. வீடு தேடி வரும் தரகர் மீன் ஒன்றுக்கு 60 ரூபாய் தருகிறார். அதே மீன் ஹற்றன் கடையில் 150. என்னை ஏமாற்றுகிறாரா? பேசாமல் வீட்டிலேயே சில்லறையாக விற்கலாமா?
வாசகர், தலவாக்கலை

பதில்: 60க்கும் 150க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துக் கொதிக்காதீர்கள். கடைக்காரர் வாடகை கட்டுகிறார், கரண்ட் பில் கட்டுகிறார், விற்காத மீனுக்கும் தீனி போடுகிறார், செத்ததைத் தன் கணக்கில் எறிகிறார். சில்லறை விலையில் பாதி, அதாவது 75 ரூபாய், வளர்த்தவர் கைக்கு வந்தால் அது நல்ல மொத்த விலை. உங்களுக்கு 15 ரூபாய் குறைகிறது, உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் பணம் போவது எண்ணிக்கையில்.

அடக்க விலையை முதலில் பாருங்கள். மூன்று மாதத் தீனி 3,600, கரண்ட் 1,500, உப்பும் மருந்தும் 900 என்று வைப்போம். தினம் அரை மணி நேர உழைப்பு 90 நாளில் 45 மணி. மணிக்கு 150 என்று குறைத்தே போட்டாலும் 6,750. மொத்தம் 12,750. இதை 400ஆல் பிரித்து ‘மீன் 32 ரூபாய்தானே’ என்று நினைப்பவர்கள் பலர். செத்த குஞ்சை யாரும் வாங்க மாட்டார்கள். 250ஆல் பிரியுங்கள்: 51 ரூபாய்.

இனி தரகரின் கணக்கு. ‘நூற்றுக்குப் பத்து இனாம்’ என்பார், அதாவது 110 மீன் எடுத்து 100க்குக் காசு. 250 மீன் போகும், காசு 227க்குத்தான் வரும்: 13,620. இரண்டு நாள் கழித்து ‘வழியில் இருபது செத்துப் போச்சு’ என்று போன் வரும், அதையும் கழிப்பார். மிஞ்சுவது 12,420. மூன்று மாத உழைப்புக் கூலியிலேயே 330 ரூபாய் குறைந்து போயிற்று. விலை 60 என்று பேசியபடியேதான் இது நடக்கிறது! ஆகவே விலையைப் பேசுமுன் மூன்றைப் பேசுங்கள்: இனாம் கிடையாது, தொட்டி ஓரத்திலேயே எண்ணிக் காசு, பை கட்டிய பிறகு செத்தால் அவர் பொறுப்பு. எண்ணுவதைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். அவருடைய வலையையும் வாளியையும் தொட்டிக்குள் விடவே விடாதீர்கள். பத்து இடத்து வெண்புள்ளி நோயும் நங்கூரப் புழுவும் அதில்தான் வரும்.

நிறத்தைக் காட்டியும் விலையை உடைப்பார்கள். கோல்ட்பிஷ் குஞ்சு முதலில் பாசி கலந்த பழுப்பாகத்தான் இருக்கும், பிறகே சிவக்கும். குளிர்ந்த நீரில் அந்த மாற்றம் தாமதமாகும். தலவாக்கலைக் குளிரில் இது குறையே அல்ல. நிறம் வரும்வரை விற்காதீர்கள். அவசரப்பட்டு ஹீட்டரும் வாங்க வேண்டாம். 100 வாட் ஹீட்டர் தினம் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 36 அலகு. வீட்டுப் பாவனை 60 அலகைத் தாண்டினால் பில் ஒரேயடியாக ஏறும்.

ஒன்றை மட்டும் மொத்த விலைக்குக் கொடுக்காதீர்கள்: தரமான மீன். தரகர் வருவதற்கு முதல்நாளே ஒரு வெள்ளைப் பேசினில் பத்துப் பத்தாக விட்டு, மேலிருந்தும் பக்கவாட்டிலும் பாருங்கள். முதுகு வளைந்தது, வால் ஒருபக்கம் மடிந்தது, செவுள் மூடி சுருண்டது எல்லாம் கடைசித் தரம். முதுகு நேராக, இரட்டை வால் இருபுறமும் சமமாக விரிந்து, நீந்தும்போது சாயாமல் இருப்பது முதல் தரம். ஒரண்டா வகையென்றால் தலைச் சதை எல்லாப் பக்கமும் ஒரேயளவாக எழும்புகிறதா என்றும் பாருங்கள். இந்தச் சிலவற்றைத் தனித்தொட்டியில் விட்டு வளர்த்து, ஒவ்வொன்றாக விலை பேசுங்கள். ‘மிக்ஸ்’ என்று சொல்லி ஒரே விலைக்கு அள்ளும் தரகருக்கு முழு இலாபமும் இவற்றில்தான்.

மீதியை நேரே கடைகளுக்குக் கொண்டுபோங்கள். ஹற்றன், நுவரெலியா, கண்டி என்று இரண்டு மூன்று கடைகள் போதும். தடவைக்கு 40, 50 மீன், விலை 75. ‘விற்ற பிறகு காசு’ என்றால் வேண்டாம்.

வீட்டுச் சில்லறையும் செய்யலாம், ஆனால் 150க்கு. 100 ரூபாய்க்கு விற்றால் அந்தச் செய்தி ஒரே வாரத்தில் கடைக்காரர் காதுக்குப் போகும். பிறகு அவர் உங்களிடம் வாங்குவாரா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு மீன் சும்மா கொடுங்கள், விலையைக் குறைக்காதீர்கள்.

‘ஜோடியை வாங்குங்கள், குஞ்சுகளை நாங்களே திரும்ப எடுப்போம்’ என்று வருகிறவர்களிடம் மிகவும் கவனமாக இருங்கள். அவர்களுடைய வியாபாரம் ஜோடி விற்பது. குஞ்சு பெருகும்போது போன் வேலை செய்யாது.

தம்புள்ளையில் கரட்டும் கோவாவும் என்ன விலை என்று தினமும் செய்தி வருகிறது. வளர்ப்பு மீனின் மொத்த விலையை யாராவது வெளியிடுகிறார்களா? சுயதொழில், சுயதொழில் என்று மேடையில் பேசுகிறவர்கள் மாதம் ஒருமுறை தமிழில் ஒரு விலைப்பட்டியல் போட்டாலே பாதித் தரகர்கள் அடங்கிவிடுவார்கள். சொந்தக் காணி இல்லாமல் லயத்தில் இருப்பவரிடம் கடனுக்குக் காணி உறுதி கேட்பதை என்னவென்று சொல்வது!

கடைக்குக் கொண்டுபோகும் முன் 24 மணி நேரம் தீனி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பைக்குள் கழிவு சேர்ந்து மீன் மூச்சுத் திணறும். பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஒட்சிசன். அதிகாலை பஸ்ஸில் போங்கள். கண்டித் தண்ணீர் உங்கள் தொட்டியைவிடச் சூடு, அதனால் பையைக் கட்டியபடியே இருபது நிமிடம் கடைத் தொட்டியில் மிதக்கவிட்டு, கடைக்காரர் முன்னாலேயே எண்ணிக் கொடுத்து, எண்ணிக்கையும் விலையும் எழுதிய பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள்.