ஹெட்லைட் எரிகிறது, மீட்டர் மட்டும் இருட்டு: எங்கே தேடுவது?

சுங்கை சிப்புட் தம்பி ஒருவரின் கேள்வி இது. இரவில் மீட்டர் விளக்கு எரியவில்லை, வொர்க்‌ஷாப்பில் டாஷ்போர்டையே கழற்றச் சொல்கிறார்களாம்.

இப்போதைக்குக் கழற்ற வேண்டாம், தம்பி. பார்க்கிங் விளக்கைப் போட்டுவிட்டு காருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். பல கார்களில் மீட்டர் விளக்கு, பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் ஒரே பியூஸில் ஓடுகின்றன. பின்விளக்கும் எரியாவிட்டால் முதல் சந்தேகம் அந்த பியூஸ்தான். இதைத் தள்ளிப்போடாதீர்கள்; செம்பனை லாரி ஓடும் எஸ்டேட் சாலையில் பின்னால் வருகிறவருக்கு உங்கள் கார் கண்ணிலேயே படாது. புது பியூஸும் உடனே போனால் பெரிய ஆம்பியர் போடவே கூடாது, வயர் எரிந்துவிடும். எங்கோ ஷார்ட் இருக்கிறது. பூட் மூடி திறந்து மூடும்போது மடங்கும் வயரையும், பிறகு மாட்டிய ரேடியோவின் வயரையும் முதலில் பாருங்கள்.

பின்விளக்கு நன்றாக எரிந்தால், அடுத்த சந்தேகம் டிம்மர், அதாவது மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு உருட்டுச் சக்கரம். யாராவது அதைக் கடைசிவரை குறைத்து வைத்திருக்கலாம், அதுவே அடிக்கடி நடக்கிறது. மெதுவாக உருட்டுங்கள், இடையில் மினுக்கினால் உள்ளே தொடுமுனை தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது. டெஸ்ட் லேம்ப் (மின்சாரம் வருகிறதா என்று காட்டும் சிறு விளக்கு) வைத்துப் பார்க்குமுன் வயரிங் படத்தைப் பாருங்கள். ஏனென்றால் சில கார்களில் டிம்மர் எர்த் (நெகட்டிவ்) பக்கம் இருக்கும். எலக்ட்ரானிக் டிம்மரென்றால் வயர்களை நேரடியாக இணைத்துச் சோதிக்காதீர்கள்.

ஒரு மூலை மட்டும் இருட்டென்றால் பல்புதான். எல்இடி மாற்றியிருந்தால் திருப்பிச் செருகிப் பாருங்கள், அதற்கு பாசிட்டிவ், நெகட்டிவ் உண்டு.