பிள்ளையின் அழுகையும் கேள்வியும்: யாழ்ப்பாணப் பெற்றோருக்கான கேள்வி பதில்

சிறுவர் உளவளத்துணையில் நெடுங்காலம் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், பெற்றோரும் மூத்தோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறார்.

கோப்பாயிலிருந்து ஒரு தாய்: ஏழு வயது மகன் சின்னத் தோல்விக்கும் அழுகிறான். "ஆம்பிளைப்பிள்ளை அழக்கூடாது" என்று மாமியார் அதட்டுகிறார். நான் என்ன செய்வது?

பதில்: அழுகையை நிறுத்துவதற்கு முன்னர், அது எதனால் வந்தது என்பதை அவனோடு சேர்ந்து கண்டறியுங்கள். கோபம், வெட்கம், ஏமாற்றம் எல்லாமே சிறுவனின் முகத்தில் ஒரே அழுகையாகத்தான் தெரியும். "தோற்றது கவலையா?" என்று கேட்டால், "இல்லை, எல்லோரும் சிரித்தார்கள்" என்று அவனே உங்களைத் திருத்துவான். தன் உணர்வுக்குத் தானே பெயர் சொல்லத் தொடங்கிய பிள்ளை, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கவும் தொடங்குகிறது. மாமியாரோடு வாதாட வேண்டாம். அவர் முன்னிலையிலேயே இப்படிக் கேளுங்கள்.

புத்தூரிலிருந்து ஒரு தாத்தா: பேத்தி எதற்கும் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்கிறாள். எங்கள் ஊர்ப்பக்கத்து நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய், தொலைவில் கடலோரத்திலுள்ள கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்றேன். அதற்கும் அதே கேள்வி. இது வாய்காட்டுதல் அல்லவா?

பதில்: ஐயா, குரலில் மரியாதை குறைந்திருந்தால் குரலைத் திருத்துங்கள், கேள்வியைத் தண்டிக்காதீர்கள். போட்டவர் யார், எடுத்தவர் யார், இரண்டும் ஒரே தேசிக்காய்தான் என்று எப்படி அறிந்தார்கள் என்று அவளிடமே கேளுங்கள். பின்னர் நிலாவரைக்கு அழைத்துச் செல்லுங்கள். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல் என்பதையும், மழைநீர் அதனைக் கரைத்து உள்ளே குகைகளையும் வழிகளையும் உண்டாக்கும் என்பதையும், அக்கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதையும் விளக்கினால், முன்னோரின் கதை வெறுங்கற்பனை அல்ல என்பதும், ஆயினும் நிலத்தடி வழி இருக்கக்கூடும் என்பது இருக்கிறது என்றாகிவிடாது என்பதும் அவளுக்கு விளங்கும். ஒரு கதையை நேசித்துக்கொண்டே அதை ஆராயவும் முடியும் என்பதை அவள் உங்களிடம்தான் கற்க வேண்டும்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய்: மகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். கெட்டிக்காரி என்று எல்லோரும் புகழ்கிறோம். இப்போது கடினமான கணக்கைத் தொடவே மறுக்கிறாள்.

பதில்: அந்தப் புகழ்ச்சியே காரணமாக இருக்கலாம். அமெரிக்க உளவியலாளர்களான கிளவுடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் கெட்டிக்காரர் என்று புகழப்பட்டோர், தோற்றுப்போகாத இலகுவான வேலையையே பெரிதும் நாடினர். முயற்சிக்காகப் புகழப்பட்டோரில் பெரும்பாலோர் கடினமானதைத் தேர்ந்தனர். ஆகவே எந்த வழியில் முயன்றாள், எங்கே வழி மாற்றினாள் என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள். 200 புள்ளிகளுக்கான ஒரு பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளை பிழை விடவே அஞ்சுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்: வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் மகன் நம்புகிறான்.

பதில்: நீங்கள் ஒன்றைப் பகிர முன்னர், இதை முதலில் சொன்னவர் யார் என்று அவனைத் தேடச் சொல்லுங்கள்.

மானிப்பாயிலிருந்து ஒரு தந்தை: போரினால் யாழ்ப்பாண மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வின்போது எனக்கு எட்டு வயது. மகன் வெடிச்சத்தத்துக்கு அஞ்சி ஒளிந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பதில்: தம்பி, அந்த ஒக்டோபர் இரவில் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த கூட்டத்தில், பயமாக இருக்கிறதா என்று உங்களைக் கேட்க எவருக்கும் நேரம் இருந்திருக்காது. அழாமல் நடப்பதே அன்று தேவைப்பட்டது. மகனின் பயம் அந்த எட்டு வயதுப் பிள்ளையை உங்களுக்குள் எழுப்பிவிடுகிறது என்றே நினைக்கிறேன். வெடி கேட்டதும் அவன் பக்கத்தில் இருந்து, "நானும் சின்ன வயதில் பயந்தேன்" என்று ஒரு வசனம் மட்டும் சொல்லுங்கள். முழுக் கதையையும் அவன் வளர்ந்த பின்னர் சொல்லலாம். கோபம் கையோங்கும் அளவுக்குப் போனாலோ, உங்கள் தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, யாழ். போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லத் தயங்காதீர்கள்.