பட்டி ரிச்சுக்கு முதலிடம் கொடுக்கலாமா?

வணக்கம் சார்,

ஜாஸ் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசித்து வருகிறேன். நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் வாசிப்பேன். கொஞ்ச நாளாக யூடியூபில் அமெரிக்க ஜாஸ் டிரம்மர் பட்டி ரிச்சைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. உலகத்தில் இவரை மிஞ்ச ஆளே கிடையாது என்பது என் கட்சி. எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன், "அது வெறும் வேகம்டா, சர்க்கஸ். அதில் இசை எங்கே இருக்கு?" என்கிறார். பழைய டிரம்மர் ஜீன் கிருபாவே ரிச்சை எல்லாருக்கும் மேலே வைத்தார் என்று படித்துக் காட்டினேன். அதற்கும் அவர் மசியவில்லை. நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ரிச் தன் குழுவினரைப் பஸ்ஸில் வைத்துக் கெட்ட வார்த்தைகளில் கிழிக்கிற ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்படிப்பட்ட ஒருவரை ரசிப்பது சரியா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

"யார் பெரியவர்" என்று கேட்டாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. கலையில் போட்டி ஏது என்பார்கள். ஜாஸுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. போட்டி போட்டே வளர்ந்த இசை அது. 1937 மே மாதம் நியூயார்க் ஹார்லெமில் சவாய் நடன அரங்கில் டிரம்மர் சிக் வெப்பின் குழுவும் பென்னி குட்மனின் குழுவும் எதிரெதிர் மேடையில் மோதின. குட்மன் பக்கம் டிரம்ஸில் ஜீன் கிருபா, அன்றைக்கு அமெரிக்காவே கொண்டாடிய பெயர். சிக் வெப் முதுகெலும்புக் காசநோயால் கூன் விழுந்த, மிகக் குட்டையான மனிதர். முடிவில் கிருபா எழுந்து வெப்பைப் பார்த்துத் தலை வணங்கினார். ஆகவே நீங்களும் அண்ணனும் போடும் சண்டை அந்த இசையின் சொந்தச் சண்டைதான். தயங்காமல் போடுங்கள்.

முதலில் உங்கள் கட்சி. ரிச்சின் கைகள் பற்றி நீங்கள் சொல்வதில் மிகை எதுவும் இல்லை. 1917ல் புரூக்ளினில் பிறந்தவர். பெற்றோர் வாடவில் என்ற பல்சுவை மேடை நிகழ்ச்சிகளின் கலைஞர்கள். நடை பழகும் வயதிலேயே, ஒன்றரை வயதில், மேடையேற்றிவிட்டார்கள். முறையாகப் பாடம் கேட்டதில்லை, நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது. சாதகம் செய்வதே கிடையாது என்று அவரே பீற்றிக்கொள்வார் (மேடையிலேயே வளர்ந்த பிள்ளைக்குத் தனியாகச் சாதகம் எதற்கு என்றும் கேட்கலாம்).

அவருடைய இடது கையைப் பாருங்கள். உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும். குச்சி கட்டைவிரலின் இடுக்கில் படுத்திருக்கும். தோளில் தொங்கிச் சாய்ந்து நிற்கும் அணிவகுப்பு முரசுக்காக வந்த பிடி அது. இரண்டு கையும் ஒரே மாதிரி பிடிப்பதோடு ஒப்பிட்டால், இந்தப் பிடியில் இடது கைக்கு பலம் குறைவு என்றுதான் பலரும் சொல்வார்கள். ரிச்சிடம் அந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்நேர் டிரம்மின் விளிம்பில், காதுக்கு எட்டியும் எட்டாத ஒலியில் ஒரு ரோலை, விடாமல் உருளும் அடிகளை, ஆரம்பிப்பார். வலம் ஒன்று, இடம் ஒன்று, அவ்வளவுதான். அப்படியே மெல்ல நடுப்பகுதிக்கு நகர்ந்துகொண்டே ஒலியைப் பெருக்குவார். வேகம் ஒரு இழைகூடக் கூடாது, குறையாது. எது வலது அடி, எது இடது அடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. நீங்கள் வாசிக்கிறவர், ஒலியைக் கூட்டும்போது வேகம் தானாக எகிறுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரிச்சுக்கு எகிறாது. டிரம்ஸ் என்ற கருவியை ஆளுவதுதான் கேள்வி என்றால் நான் உங்கள் பக்கம்.

அண்ணனும் பாதிதான் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். யூடியூபில் கிடைப்பதெல்லாம் சோலோ, அதாவது தனி வாசிப்பு. சோலோவை மட்டும் கேட்டால் சர்க்கஸ் என்றுதான் தோன்றும், சிலது சர்க்கஸும்தான். 1946ல் லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன், நாட் கிங் கோலின் பியானோ இவற்றோடு ரிச் செய்த பதிவுகளை அண்ணனுக்குப் போட்டுக் காட்டுங்கள். மூன்றே பேர். கீழ்ச்சுரங்களைப் பிடிக்கும் பேஸ் வாசிப்பவர் கிடையாது. அடித்தளமே இல்லாத இடத்தில் டிரம்மருக்கு இரைச்சல் போட்டு நிரப்பத்தான் கை துடிக்கும். ரிச் குச்சிக்குப் பதில் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஸ்நேரின் தோலில் தேய்த்தபடி ஒதுங்கி நிற்கிறார். யங் ஒரு வரியை முடிக்காமல் அந்தரத்தில் விட்டால் இவரும் அதை அப்படியே விட்டுவிடுகிறார். வெறும் வேகக்காரனால் இது ஆகாது.

பிறகு பெரிய குழு. 1966ல், ராக் இசை ஊரையே அள்ளிக்கொண்டு போன நேரத்தில், பதினைந்து பதினாறு பேரைக் கட்டிச் சோறு போடும் பிக் பேண்ட் ஒன்றை ஆரம்பித்தார். கணக்குப் பார்க்கிறவன் செய்யும் காரியமில்லை. அந்தக் குழுவின் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' மெட்லி (பல பாட்டுகளைக் கோத்த தொகுப்பு) பில் ரெட்டி எழுதிக் கொடுத்தது. பத்து நிமிடத்துக்கும் மேல் போகும், தாளமும் வேகமும் மாறிக்கொண்டே இருக்கும். ரிச்சுக்கு நொட்டேஷன் தெரியாதே, எப்படி வாசித்தார்? ஒத்திகையில் வேறொரு டிரம்மரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார். எதிரே உட்கார்ந்து கேட்பார். பிறகு எழுந்துபோய்த் தானே வாசிப்பார். காதில் விழுந்தது போதும். அதில் சோலோவைத் தள்ளிவிட்டுக் குழுவோடு வாசிக்கும் இடங்களைக் கேளுங்கள். டிரம்பெட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு இடத்தில் வெடிக்க வேண்டும் என்றால், அதற்கு அரை நொடி முன்னால் ரிச் இடைவெளியை நிரப்பும் ஒரு சின்ன ஃபில் போடுவார். அந்த ஃபில்லைக் கேட்டபின் அவர்களால் தப்பான இடத்தில் நுழையவே முடியாது. அவர் ஆகப் பெரியவராகத் தெரிவது எனக்கு அங்கேதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உங்கள் கட்சிக்கு நான் முத்திரை குத்தப் போவதில்லை.

1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் கென்னி கிளார்க் என்ற டிரம்மர் ஒரு காரியம் செய்தார். அதுவரை ஜாஸ் டிரம்மர் நான்கு அடியையும் காலால், பேஸ் டிரம்மில் போட்டுக்கொண்டிருந்தார். கிளார்க் அந்த வேலையைக் காலிடமிருந்து பிடுங்கி வலது கைக்கு, ரைடு சிம்பலுக்குக் கொடுத்தார். டிங்... டிங்க-டிங்... என்று சிம்பலில் தாளம் மிதக்கும். பேஸ் டிரம் விடுதலையாகி, எதிர்பாராத இடத்தில் மட்டும் வந்து குத்தும். அதை 'பாம்' (வெடிகுண்டு) என்றார்கள். மிக வேகமான பாட்டுகளில் கால் சோர்ந்துபோனதால் வந்த யோசனை அது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தச் சோர்விலிருந்துதான் நவீன ஜாஸ் டிரம்ஸ் முழுக்கப் பிறந்தது. ரிச்சின் காலோ சோர்ந்ததே இல்லை. அதனால் அவருக்கு அப்படி யோசிக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

1950ல் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் ஒரு பதிவுக்கு ஏற்பாடு செய்தார். சாக்ஸபோனில் சார்லி பார்க்கர், டிரம்பெட்டில் டிஸ்ஸி கில்லெஸ்பி, பியானோவில் தெலோனியஸ் மங்க், டிரம்ஸில் பட்டி ரிச். பீபாப் என்ற அந்த நவீன ஜாஸின் மூன்று தலைகளும் ஒரே அறையில். ரிச் ஒரு அடிகூடத் தவறவில்லை. ஆனால் அவர் வேறொரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு வாசிப்பது போலிருக்கும். பார்க்கர் ஒரு வரியை எங்கோ ஆரம்பித்து எங்கோ முடிக்கிறார். மங்க் இடைவெளிகளாகப் போட்டு வைக்கிறார். ரிச் கீழே சாலை போட்டுக்கொண்டே போகிறார். நேரான, அருமையான சாலை. அவர்களுக்குத் தேவைப்பட்டது அது இல்லை.

1959ல் வந்த 'ரிச் வெர்சஸ் ரோச்' ஆல்பத்தையும் கேளுங்கள். ரிச்சின் குழு ஒரு ஸ்பீக்கரில், பீபாப் டிரம்மர் மேக்ஸ் ரோச்சின் குழு மற்றொன்றில். 'ஃபிகர் எய்ட்ஸ்' என்ற பாட்டில் மற்ற கருவிகள் எல்லாம் ஒதுங்கிவிடும், இருவரும் எட்டு எட்டு பாராக (பார் என்பது ஒரு தாளச் சுற்று) மாற்றி மாற்றி வாசிப்பார்கள். வேகத்தில் ரிச்தான் ஜெயிக்கிறார், அதில் வாதமே இல்லை. ஆனால் இரண்டு தடவை கேட்டபின் வாயால் எதைச் சொல்லிப் பார்க்க முடிகிறது என்று பாருங்கள். ரோச் வாசித்ததை என்னால் சொல்லிப் பார்க்க முடிகிறது. அவர் டிரம்ஸைச் சுருதி ஏற்றிக் கட்டியிருப்பார். ஒரு சொற்கட்டைப் போட்டு, அதையே திருப்பி, குறைத்து, வேறு டிரம்முக்கு மாற்றிக் கொடுப்பார். ரிச் வாசித்ததில் எனக்கு மிஞ்சுவது பிரமிப்பு மட்டும்தான்.

ஒரே ஒரு பெயர் சொல்லச் சொன்னால் எல்வின் ஜோன்ஸ் என்பேன். 1964 டிசம்பரில் பதிவான சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தில் மூன்றாவது பகுதி எல்வினின் சோலோவோடுதான் தொடங்கும். யூடியூபில் நீங்கள் பார்க்கும் வேகம் அதில் இருக்காது. மும்மூன்றாக வரும் அடிகள் கை, கால் என்று எல்லாவற்றிலும் உருண்டுகொண்டே போகும். எந்தக் கை எதை வாசிக்கிறது என்று பிரித்தெடுக்கப் பார்த்தால் எதுவும் மிஞ்சாது. கோல்ட்ரேன் நுழைந்த பிறகும் எல்வின் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளவில்லை, பக்கத்திலேயே நின்று அவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். கோல்ட்ரேன் அந்த வருடங்களில் அப்படி வாசித்ததற்கு எல்வின் ஒரு காரணம். பார்க்கரும் கில்லெஸ்பியும் அப்படி வாசித்ததற்கு கிளார்க்கும் ரோச்சும் ஒரு காரணம். ரிச் பக்கத்தில் இருந்ததால் வேறு விதமாக வாசிக்கத் தொடங்கிய ஒரு சாக்ஸபோன்காரரைச் சொல்லுங்கள். எனக்குத் தோன்றவில்லை. என் தீர்ப்புக்கு அடிப்படை இது ஒன்றுதான். டிரம்மர்கள்மீது அவருக்கிருந்த செல்வாக்கு வேறு விஷயம். ராக் டிரம்மர் நீல் பியர்ட் 1994ல் அவர் நினைவாக ஒரு ஆல்பமே தயாரித்தார்.

கிருபா சொன்னது உண்மைதான், ரிச்சைப் பற்றி அப்படித்தான் சொன்னார். ஆனால் கிருபா மனம்விட்டுப் பாராட்டுகிறவர், சவாயிலும் அதைத்தான் செய்தார். அதைச் சாட்சியாக வைத்து வழக்கு நடத்த முடியாது. ரிச்சின் புகழ் பெரும்பகுதி தொலைக்காட்சி கொடுத்தது என்பதையும் மறக்க வேண்டாம். தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜானி கார்சன் தன் நிகழ்ச்சிக்கு அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். கார்சனே டிரம்ஸ் வாசிக்கிறவர். அந்தக் கால அமெரிக்கத் தொலைக்காட்சி ரோச்சுக்கோ எல்வினுக்கோ அந்த நாற்காலியைப் போட்டுக் கொடுக்கவில்லை. தோல் நிறத்துக்கும் அதில் பங்கு உண்டு. இன்றைக்கு உங்கள் செல்போனில் ரிச் கொட்டிக் கிடப்பதற்கும் மற்றவர்கள் அரிதாகக் கிடைப்பதற்கும் அங்கே ஒரு காரணம் இருக்கிறது.

(1968ல் தபலா மேதை அல்லா ரக்காவோடு ரிச் ஒரு ஆல்பம் செய்தார். ரவிசங்கர் முன்னின்று நடத்தினார். ஆவலோடு தேடிப் போவீர்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்: இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டியே நேரத்தைக் கழித்துவிட்டார்கள்.)

இனி அந்த பஸ் விவகாரம். அவை எல்லாம் 1980களில் அவருடைய பியானோக்காரரே ரகசியமாகப் பதிவு செய்தவை. இணையம் வருவதற்கு வெகு காலம் முன்பே கேசட்டாகக் கைமாறி இசைக்கலைஞர்களிடையே சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு டிராம்போன்காரர் தாடி வைத்திருக்கிறார் என்பதற்காகக்கூடக் கத்துகிறார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பலர் சின்ன வயசுப் பிள்ளைகள், தினம் ஒரு ஊர் என்று ஓடிக்கொண்டிருந்தவர்கள். எனக்கும் கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் 1946 பதிவில் அவர் பிரஷ் தேய்ப்பதைக் கேட்கும்போது அந்தக் கத்தல் என் நினைவுக்கு வருவதில்லை. உங்களுக்கு வந்தால் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு வேறு எதையாவது கேளுங்கள், தப்பில்லை.

அப்படித் திட்டியதால்தான் அந்தக் குழு அவ்வளவு கச்சிதமாக வாசித்தது என்று சொல்லிக்கொண்டு யாராவது வருவார்கள். உங்கள் குழுவிலேயேகூட வரலாம். அவர்களுக்குப் பியானோ கலைஞர் கவுண்ட் பேஸியைப் போட்டுக் காட்டுங்கள். 1935 முதல் 1984ல் இறக்கும்வரை, நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர, பெரிய குழுவை நடத்தியவர். அதட்டலுக்குப் பேர் போனவர் இல்லை. பியானோவில் இரண்டு சுரம் தொட்டாலே குழு எழுந்து நிற்கும். முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவருக்கு டிரம்ஸ் வாசித்தவர் ஜோ ஜோன்ஸ். ஹை-ஹாட்டை (காலால் இயக்கும் சிம்பல் ஜோடி) மட்டும் வைத்துக்கொண்டு அவர் செய்ததைப் பற்றி எழுத வேண்டும் என்றால் இன்னொரு பதில் வேண்டும். 1930களின் பேஸி பதிவுகள் சிலவற்றைக் கேட்டுவிட்டு எழுதுங்கள், அண்ணனையும் கூடவே உட்காரச் சொல்லுங்கள்.